ஐஸ்கிரீமைச் சுற்றிய பனிப்பைகள்

மலேசியாவின் சிகாமட்டில் உள்ள இந்த ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் யாருக்குப் பிறந்தநாள் வந்தாலும், ரத்தத்தோடு அனுப்ப வேண்டிய பனிப்பைகள்தாம் ஐஸ்கிரீமுக்குக் காவல். இன்றும் மேசையில் அவை வியர்த்துக் கிடக்கின்றன. கூடத்தில் வேலை செய்யும் ரூபினியின் காதில், தொலைபேசியில், கோலாலம்பூர் ஆய்வகத்துக் குரல்: "தங்கராஜு ரத்தம் ஐஸ் இல்லாம கெட்டுப்போச்சுலா. டெங்கியா, உண்ணிக் காய்ச்சலான்னு பார்க்கணும். புதுசா எடுத்து அனுப்புங்க." "அவரை நேத்து எரிச்சாச்சு," என்கிறாள் ரூபினி. சன்னலுக்கு வெளியே தங்கராஜுவின் மனைவி கருப்பாயி நிற்கிறாள். "எங்க வீட்டுக்காரருக்கு என்ன காய்ச்சல்னு தெரிஞ்சிச்சா தங்கச்சி? அவரோட மாட்டுக்கு உண்ணி பொறுக்குன எங்க பொண்ணு லோஷினிக்கும் உடம்பு கொதிக்குது." பெஞ்சில் லோஷினி, யாரும் கேட்காமலே சட்டைக் கையைச் சுருட்டுகிறாள். உள்ளே கைதட்டுகிறார்கள். ரூபினி ஐஸ்கிரீமுக்கு அடியிலிருந்து ஒரு பனிப்பையை உருவுகிறாள். அது அவள் கையில் தண்ணீராகத் தளும்புகிறது.