கயிற்றைப் பிடித்தவன்

ரப்பர் விலை விழுந்ததும் கப்பலேறிய துரை விட்டுப்போன பழைய ஓவியத்தை, பாச்சாங்கில் தன் வீட்டுக் கூடத்தில் சால்வையால் துடைக்கிறார் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி அம்பலவாணர். படத்தில் நிற்பது துரையின் பாட்டன் வளர்த்த காளையாம். மாடு பெருத்தால் எசமான் பெரியவன் என்று, நூறு வருஷத்துக்கு முந்தைய அந்த ஓவியன் தூரிகையாலேயே தீனி போட்டிருக்கிறான். மூட்டை மூட்டையாய் உடம்பு, அடியில் நாலு குச்சிக் கால்கள். காளையின் இமைமயிர்கூடக் காலை வெயிலில் மின்னுகிறது. கயிற்றைப் பிடித்து நிற்பவனுக்கோ முகத்துக்குப் பதில் ஒரு பழுப்புத் தீற்றல். பால் ஊற்ற வந்த மருதாயி செம்பைக் கீழே வைக்காமலே பார்க்கிறாள். "இவனுக்கு மூஞ்சி எங்கய்யா?" "அவன் ஆரோ மாட்டுக்காரன். நீ காளையைப் பார்." கிராணி காளையின் மூக்கைப் பயபக்தியோடு இன்னொரு முறை ஒற்றுகிறார். மருதாயிக்குச் சிரிப்பு வருகிறது. "பாத்தேன்யா. இந்தக் குச்சிக் கால வச்சிக்கிட்டு எந்த மாடும் நிக்காதுலா. அவன் புடிச்சிருக்கான், அதான் நிக்குது."