டீமேக்கர் ஐயாவின் நெற்றி

“வேலைய விடுற கடுதாசிய இன்னைக்கே குடுக்கணுமா, றொசானா?”

“குடுத்தே ஆகணும்ண்ணே. மூணு வருசமா என் தேத்தண்ணிய வாயில வச்சாலே ஐயாவுக்கு நெத்தி சுருங்குது. நான் பழையபடி மலைக்கே கொழுந்தெடுக்கப் போறேன்.”

ருசி மேசைக்கு உதவியாளான அலோசியஸ், தேயிலை போட்டு வரிசையாக வைத்த ஐந்து கோப்பைகளில் வெந்நீரை ஊற்றினார்.

வட்டவளைக்கு மேலே இருக்கும் அந்தத் தேயிலை பெக்டரியில், அரைத்த கொழுந்து சிவக்கும் பதம் பார்ப்பது றொசானாவின் வேலை. அதற்கு வந்த முதல் பெண் அவள்தான். ருசி பார்க்கும் டீமேக்கர் ஜீவராஜ் ஐயா, வாயால் நல்லது கெட்டது சொல்ல மாட்டார். அவர் நெற்றியில் விழும் கோடுகளை எண்ணித்தான் எல்லோரும் புள்ளி போட்டுக்கொள்வார்கள். றொசானாவுக்கு ஒருநாளும் மூன்று கோட்டுக்குக் குறைந்ததில்லை.

மூன்று வார லீவு முடிந்து ஐயா அன்றுதான் வந்திருந்தார். எதற்கு லீவு என்று கேட்க யாருக்கும் துணிவில்லை.

ஐயா தேத்தண்ணியைக் கரண்டியில் அள்ளி, ‘சுர்’ரென்று சத்தமாக உறிஞ்சித் துப்பினார். நெற்றி அசையவில்லை. இரண்டாவது கோப்பை, மூன்றாவது, ஐந்தும் முடிந்தது. நெற்றி இஸ்திரி போட்ட பள்ளிக்கூடச் சட்டை மாதிரி இருந்தது.

றொசானாவுக்குத் தலைகால் புரியவில்லை. கடுதாசியை நாலாகக் கிழித்துப் பைக்குள் திணித்தாள். வந்த சந்தோஷத்தில் வாய்விட்டுக் கேட்டும்விட்டாள்.

“இன்னைக்குத் தேத்தண்ணி நல்லா வந்திருச்சுங்களா, ஐயா?”

“எத வச்சும்மா கேக்குற?”

“உங்க நெத்தி சுருங்கலையேங்க.”

ஐயா சிரித்தார். “அது எப்படிச் சுருங்கும்? தீராத தலவலிக்குக் கண்டியில போடொக்ஸ் ஊசி போட்டிருக்காங்க. நெத்தி, நெத்திப்பொட்டு, பிடரின்னு முப்பத்தோரு இடத்துல. இன்னும் ரெண்டு மாசத்துக்கு நான் வேப்பெண்ணெயக் குடிச்சாலும் நெத்தி சுருங்காது.”

றொசானாவின் முகம் செத்துப்போனது. கடுதாசியை மறுபடி எழுத வேண்டியதுதான்.

“அப்ப தேத்தண்ணி எப்பவும் போலதானுங்களா?”

“எப்பவும் போலதான், முதல் தரம்,” என்றார் ஐயா. “சத்தமா உறிஞ்சுறப்ப மண்டைக்குள்ள சம்மட்டியடி விழும்மா, மூணு வருசமா நெத்தி சுருங்கினது அதுக்குத்தான். இன்னைக்கு வலியில்ல, இன்னொரு கோப்பை ஊத்து, துப்பாம குடிக்கணும்.”