வளைவுச் சாமி

"செருப்பக் கழட்டிட்டு வாங்கய்யா. சாமி இருக்குது."

ஓவர்சியர் சிங்காரம் திகைத்து நின்றார். பாஞ்சாலை கைகாட்டிய இடத்தில், பள்ளத்தின் ஓரமாக, போன மாதம் அவர் நிறுத்திவிட்டுப் போன தடுப்புக் கற்கள். ஒவ்வொன்றின் நெற்றியிலும் ஈரம் காயாத குங்குமம். கழுத்தில் வேப்பிலை மாலை.

கற்களா அவை? காலித் தார் டிரம்கள். ஜவ்வாது மலையின் வளைவுகளில் தடுப்புக் கல் நட சர்க்கார் கொடுத்த நிதி, கான்ட்ராக்டரும் சிங்காரமும் பங்கு போட்டதில் கரைந்துவிட்டது. அதனால் டிரம்களுக்குச் சுண்ணாம்படித்து, கறுப்புப் பட்டை தீட்டி, பெரிய இன்ஜினீயர் பார்க்க வரும் சாலையில் முந்தின நாளே இறக்கிவிடுவார். இன்ஜினீயர் ஜீப்பை விட்டு இறங்காத மனிதர். நாளைக்குப் புதூர்நாட்டுச் சாலை. டிரம்களை ஏற்றிப்போக லாரி உறுமிக்கொண்டு நின்றது.

பாஞ்சாலை கைக்குழந்தையை ஆட்டியபடியே நடந்ததைச் சொன்னாள். சந்தைக்குப் புளி ஏற்றிப்போன ஜீப் பிரேக் பிடிக்காமல் சரிந்து வந்ததாம். உள்ளே அவள் மருமகள், நிறைமாதம். நேராக வந்து இதன்மேல்தான் மோதியதாம்.

"அசையலைய்யா. அசைஞ்சிருந்தா இந்தப் புள்ள ஏது?"

சிங்காரத்துக்கு மயிர்க்கூச்செறிந்தது. காலித் தகரம் ஜீப்பை நிறுத்துமா? சாமியேதான். அந்தச் சாமி காசையா தின்றோம்? கால் தானாகச் செருப்பை உதறியது. குழந்தையின் முகத்தைப் பார்க்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டார்.

"ஏத்தலாமா சார்?" என்றான் டிரைவர் கிருஷ்ணன்.

ஏற்றாவிட்டால் நாளைக்குப் புதூர்நாட்டு வளைவு மொட்டையாக நிற்கும். வேலை போகும், ஜெயிலே கிடைத்தாலும் கிடைக்கும்.

"வேணாம். வண்டியத் திருப்பு. நடந்ததை நாளைக்கு இன்ஜினீயர்கிட்ட நானே சொல்லிடறேன்."

லாரி திரும்பும்வரை காத்திருந்த பாஞ்சாலை, அவர் அருகில் வந்து குரலைத் தாழ்த்தினாள்.

"இனிமே உங்ககிட்ட மறைக்க இன்னா இருக்குது? ஆடு ஒரசினதுக்கே ஒரு டிரம்மு பள்ளத்துல உருண்டுச்சி. ஊரே கூடி எடுத்தாந்து, எல்லாத்திலயும் கல்லும் மண்ணும் ரொப்பிப் பொதைச்சி நட்டோம். அதான் ஜீப்பு நின்னுது."

சிங்காரம் ஒரு டிரம்மைத் தட்டிப் பார்த்தார். "அப்போ... சாமின்னு சொன்னது?"

"நெல்லிவாசல்ல என் நாத்தனா வூட்டாண்ட வெச்சத, பெரிய ஐயா பாத்துட்டுப் போன பின்னாடி தூக்கிட்டுப் பூட்டீங்களாமே. அதான், உங்க லாரி மலையேறுற சத்தம் கேட்டதும் ஓடியாந்து குங்குமம் வெச்சோம்."