களிமண் ஸ்கேல்

"பச்சைக் களிமண்ணுல ஸ்கேலு செஞ்சு பெஞ்சை அளக்கறதுதான் கணக்குப் பாடமா? இதுக்கு ஒரு ஸ்கூலு!"

விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மைப் பட்டறை வைத்திருக்கும் கொளஞ்சிநாதன் காறித் துப்பாத குறைதான். ஆனாலும் மகள் வெண்மதிக்கு ஓர் அடி ஸ்கேலைத் தன் கையாலேயே செய்து கொடுத்தார்.

மறுநாள் வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் அளந்தபோது பெஞ்சு நாலடி இருந்தது. வெண்மதி அளந்தால் மட்டும் குறைந்தது.

சாயங்காலம் மகளை அழைத்துப்போக வந்தவர் ஜுலைகா டீச்சரிடம் எகிறினார். "நான் செஞ்ச ஸ்கேலு தப்பா? மண்ணைப் பத்தி எனக்கே பாடமா?"

டீச்சர் பிளாஸ்டிக் ஸ்கேலைப் பக்கத்தில் வைத்துக் காட்டினார். மண் ஸ்கேல் ஓர் அங்குலம் நீண்டிருந்தது.

கொளஞ்சிநாதன் கடகடவெனச் சிரித்தார். "நீளமாத்தாங்க இருக்கும்! சூளையில வச்சா மண்ணு சுருங்கும். அதுக்குத் தக்கன கூட்டித்தான் செய்யணும். படிச்சவங்களுக்கு இதெல்லாம் எங்க தெரியப்போவுது?"

சொன்ன வேகத்தில் ஸ்கேலை விரலால் அழுத்திக் காட்டினார்.

வெண்மதி பதறினாள்.

"அழுத்தாதப்பா! இன்னும் சுடவே இல்ல. உன் வெரலு பதிஞ்சிடுச்சு பாரு!"