தலை நிமிராத பிள்ளை

அனுமதி எல்லாம் கேட்கவில்லை. கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு நேரே ஓனர் அறைக்குள் போய் நின்றாள் முருகம்மாள்.

“தம்பி, உங்க லேப்புல ரெண்டு கோளாறு இருக்கு. ஒண்ணு வாசல்ல நிக்கி. இன்னொண்ணு மேசையில உக்காந்திருக்கு.”

ஓனர் பேச்சிராஜ் எழுந்து நாற்காலியைக் காட்டினார். அவள் உட்கார்ந்தாள்.

முருகம்மாளுக்கு ஊர் பனவடலிசத்திரம். லாரி பறக்கிற ரோட்டின் குறுக்கே நாற்பது ஆட்டை ஒற்றைக் கம்போடு ஓட்டிப் போகிறவள். மறுநாள் கண் ஆபரேஷன். சர்க்கரை ரிப்போர்ட் இல்லாமல் டாக்டர் கை வைக்க மாட்டார் என்பதால், வெறும் வயிற்றோடு முதல் பஸ்ஸில் சங்கரன்கோவில் வந்திருந்தாள்.

இந்த லேப் அவளுக்குப் புதிதில்லை. முன்பெல்லாம் பேரைச் சொன்னால் நோட்டில் எழுதுவார்கள். கையை நீட்டினால் ரத்தம் எடுப்பார்கள். மத்தியானம் ஒரு தாள் கொடுப்பார்கள். அவ்வளவுதான்.

இப்போது பேர் பதிய வாசலில் ஆள் உயரத்துக்கு ஒரு மிஷின் நின்றது. என்ன மொழி என்று கேட்டது. தமிழைத் தொட்டாள். போன் நம்பர் கேட்டது. வீட்டுக்கே ஒரு போன், அது மருமகளிடம் இருந்தது. ‘இல்லை’ என்று சொல்ல அந்த மிஷினில் இடமே இல்லை. பேசாமல் நின்றாள். ‘நேரம் முடிந்தது’ என்று சொல்லிவிட்டு, அது மறுபடியும் என்ன மொழி என்று கேட்டது.

மேசையில் இருந்த ஷிரின் பானுவிடம் போனாள். அந்தப் பெண்ணின் தலை போனுக்குள் இருந்தது. நிமிராமலே பேர் கேட்டாள், வயசு கேட்டாள், உட்காரச் சொன்னாள். அடுத்து வந்தவருக்கும் அப்படித்தான். அதற்கடுத்தவருக்கும். ரத்தம் கொடுத்து, பக்கத்துக் கடையில் இட்லி சாப்பிட்டுத் திரும்பி வந்த பிறகும் அந்தத் தலை நிமிரவில்லை.

இவ்வளவையும் முருகம்மாள் ஓனரிடம் ஒன்றுவிடாமல் சொன்னாள்.

மிஷினைப் பற்றிப் பேச்சிராஜ் விட்டுக்கொடுக்கவில்லை. வைத்து ஒரு மாதம் ஆகிறது, ஒருத்தர் குறை சொல்லவில்லை, மேலநீலிதநல்லூரில் இருந்து வருகிற வயசானவர்கள்கூடப் பழகிவிட்டார்கள் என்றார்.

“பழகினதை நீங்க பாத்தீங்களா?”

“கம்ப்யூட்டர்ல கணக்கு வருதும்மா. எல்லாரும் பதியத்தான செய்யுதாங்க.”

ஆனால் போன் விஷயத்தில் அவருக்கு உடனே கோபம் வந்தது. ஏற்கெனவே இரண்டு பேர் இதே புகாரைச் சொல்லியிருந்தார்கள். மணியை அடித்தார்.

ஷிரின் பானு போனும் கையுமாகவே வந்தாள்.

“அதைக் குடு.”

“சார், ஒருத்தருக்குப் பாதியில நிக்கி. ரெண்டு நிமிஷம்…”

“குடுன்னு சொல்லுதேன்லா.”

கொடுத்தாள். முருகம்மாள் நன்றாக நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டாள்.

பேச்சிராஜ் திரையைப் பார்த்தார். சினிமாவும் இல்லை, அரட்டையும் இல்லை. அவருடைய லேப்பின் ஆப்தான் திறந்திருந்தது. அதில் வரிசையாகப் பேர்கள். உச்சிமாகாளி. கோமதித்தாய். அலிமா பீவி. இசக்கிராஜா. விரலால் தள்ளத் தள்ள முடியாமல் போய்க்கொண்டே இருந்தது.

“இவங்கெல்லாம் யாரு?”

அவள் மெதுவாகத்தான் சொன்னாள். போன் இல்லாதவர்கள், போனைப் பேரனிடம் கொடுத்துவிட்டு வந்தவர்கள், எழுத்துக் கூட்டத் தெரியாதவர்கள். மிஷின் இவர்களைச் சேர்க்காது. ஆனால் ஒரே நம்பரில் குடும்பத்தாள் எத்தனை பேரை வேண்டுமானாலும் சேர்க்கலாம். அதனால் எல்லாரையும் தன் குடும்பம் என்று தன் போனிலேயே பதிந்துவிடுகிறாள். ரிப்போர்ட்டும் அதற்கே வரும். அதைத் தாளில் எழுதிக் கையில் கொடுத்து அனுப்புகிறாள்.

பேச்சிராஜுக்கு முகம் மாறிவிட்டது. “ஏன் எங்கிட்ட சொல்லல?”

“மொத நாளே சொன்னேன் சார். பழகிருவாங்கன்னு சொன்னீங்க.”

முருகம்மாள் நாற்காலி நுனிக்கு நகர்ந்தாள். ஆனாலும் கேட்க வந்ததைக் கேட்காமல் விடுகிற ஆள் இல்லை அவள். “அதை முகத்தைப் பாத்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா பிள்ள?”

“ஓடிபி முப்பது செகண்டுதாம்மா நிக்கும். நிமிந்தேன்னா போயிரும். பெறவு மொதல்ல இருந்து போடணும்.”

முருகம்மாள் ஓனர் பக்கம் திரும்பினாள். “அந்தப் பழைய நோட்டு இருக்கா, தூக்கிப் போட்டாச்சா?”

“இருக்கும்மா.”

“எடுத்து இந்தப் பிள்ளை மேசையில வைங்க. மிஷின் அது பாட்டுக்கு நிக்கட்டும். தெரிஞ்சவங்க தொட்டுக்கிடட்டும்.”

பேச்சிராஜ் குனிந்து அடி டிராயரை இழுத்து நோட்டை எடுத்து ஷிரின் பானுவிடம் நீட்டினார். அவளுடைய போன் இன்னும் அவர் கையிலேயே இருந்தது. ‘குடும்ப உறுப்பினர்கள்: 114’ என்று காட்டியது.

“எம் பேரும் அதுல இருக்கா?” என்றாள் முருகம்மாள்.

அவர் தேடிப் பார்த்துப் படித்தார்.

“இருக்கு. முருகம்மாள், வயசு ஐம்பத்தாறு. உறவுமுறை…”

இன்னும் ஒரு வரி கீழே தள்ளினார்.

“தாய்.”