மூடிக்கொண்ட துளை

"என்னங்க, இன்னிக்காவது அந்த ஓட்டை திறந்துச்சா இல்லியா?"

செருப்பைக் கழற்றுவதற்குள் செண்பகம் கேட்டுவிட்டாள். சண்முகவேல் தோள்பையை ஆணியில் மாட்டினான்.

நாலு வருஷமாக, மேற்கு மாம்பலத்து அந்த ஒற்றை அறை வீட்டில் சாயங்காலமானால் இதே கேள்விதான். அக்கம்பக்கத்துப் பெண்கள் புருஷன் வந்ததும் ரேஷனில் சர்க்கரை போட்டார்களா என்று கேட்பார்கள். இவளுக்கோ, அடையாறு பக்கத்து ஆராய்ச்சி நிலையத்தில் உட்கார்ந்து அவன் காகிதத்தில் தோண்டிக்கொண்டிருக்கிற துளையைப் பற்றித்தான் கவலை.

கல்யாணமான புதிதில் அவன்தான் அவள் புடவை ஒன்றை எடுத்து விரித்து விளக்கினான். "இந்த முனை இன்னிக்கு. அந்த முனை எப்பவோ போன ஒரு நாள். இப்படி மடிச்சு, ஊசியால ஒரு குத்து குத்தினா, இங்கேருந்து அங்கே ஒரே எட்டு!"

"ஓட்டை விழுந்த புடவையை எங்கப்பா வேலை பார்க்கிற கடையில தள்ளுபடிக்கு வச்சாக்கூட யாரும் தொட மாட்டாங்க" என்று சிரித்தாள். உடனே சிரிப்பு நின்றுபோயிற்று. "நெஜமாவே பழைய நாளுக்குப் போயிரலாமா? அங்க இருக்கிறவங்களோட பேசலாமா? நடந்ததை மாத்தலாமா?"

அடுத்த தை மாதத்தில் அவள் அப்பா மாரடைப்பில் போய்விட்டார். அதற்கப்புறம் அந்தக் கேள்வி இன்னும் அடிக்கடி வந்தது. ஒரு தடவை சண்முகவேல் கேட்டான்: "வழி திறந்தா நீ எந்த நாளுக்குப் போவே?" அவள் கண் கலங்கியதைக் காட்டாமல் உலையைப் பார்க்கப் போய்விட்டாள். அப்பா உயிரோடிருந்த நாளுக்குத்தான், வேறென்ன?

ஆராய்ச்சி மாணவனுக்குக் கொடுக்கிற உதவித்தொகையில் குடும்பம் நடத்திக்கொண்டு, ஒரு நாளும் முகம் சுளிக்காதவள். அவளுக்கென்று அவன் செய்ய நினைத்தது ஒன்றே ஒன்று. கணக்கிலாவது அந்த வழியைத் திறந்து வைத்துவிட வேண்டும்.

"உட்காரு செண்பகம்" என்றான்.

"சொல்லுங்க, நிக்கிறேன்."

"புரொபசர் மாணிக்கவாசகம் இன்னிக்கு முழுக் கணக்கையும் பார்த்துட்டார். நாப்பத்தேழாம் பக்கத்துல நான் ஒரு மைனஸ் குறியை விட்டிருக்கேன்."

"ஒரு குறிதானே? போட்டுட்டாப் போச்சு."

"போட்டேன். போட்டதும் எல்லாமே சரிஞ்சுபோச்சு. வழி திறக்குது. ஆனா ஒரு கீத்து வெளிச்சம் உள்ள நுழைஞ்சு அந்தப் பக்கம் போய்ச் சேர்றதுக்குள்ள மூடிக்குது."

"கால் வச்சதும் கிளம்புற நம்ம ஊர் பஸ் மாதிரி."

"அதேதான். எதை முட்டுக் கொடுத்தாலும் நிக்க மாட்டேங்குது."

"அப்போ பழைய நாளுக்கு..."

"இந்த வழியில யாரும் போக முடியாது, செண்பகம்." அவன் தலை குனிந்துகொண்டான்.

"யாருமே? உங்க புரொபசர்? வெளிநாட்டுக்காரங்க?"

"சந்திரனுக்குப் போய் வந்தவங்களாலயும் முடியாது."

"எதுக்கும் கணக்கை இன்னொரு தடவை போட்டுப் பார்த்துருங்களேன்."

"பதினொரு தடவை போட்டாச்சு."

அவள் முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. அவன் பதறிப்போய் எழுந்தான். இதற்குத்தான் பயந்து, மாம்பலம் ஸ்டேஷனில் இறங்கியும் வீட்டுக்கு வர மனசில்லாமல் ஒரு மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான்.

முந்தானையை விலக்கியபோது அவள் முகமெல்லாம் சிரிப்பு. கன்னமெல்லாம் கண்ணீர்.

"முருகா, நீ நல்லா இருக்கணும்!" என்று சாமிக்கே ஆசீர்வாதம் செய்துவிட்டு, ஓடிப்போய் ஸ்டவ்வைப் பற்ற வைத்தாள்.

"என்ன பண்றே?"

"சேமியாப் பாயசம்."

"நாலு வருஷத்தைத் தோத்துட்டு வந்து நிக்கிறேன். நீ பாயசம் கிண்டுறியே!"

செண்பகத்தின் கை நின்றது. "ஏங்க, அப்போ உங்க பட்டம் போயிருச்சா?"

"இல்லே. முடியாதுன்னு நிரூபிச்சாலும் அதுவும் ஒரு முடிவுதான், அப்படியே எழுதிக் கொடுன்னார்."

"புண்ணியவான்! காலையில அவருக்கும் ஒரு தூக்குல கொடுத்தனுப்புறேன்."

சண்முகவேலுக்கு ஒன்றும் புரியவில்லை. "உங்கப்பாவைப் பார்க்கணும்னுதானே நீ இத்தனை நாளா கேட்டுக்கிட்டிருந்தே?"

"எங்கப்பாவைத் தினம் நெனச்சுக் கும்பிட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். அதுக்கு ஓட்டை எதுக்கு?" நெய்யில் சேமியா சிவந்துகொண்டிருந்தது. "எனக்கு இருந்தது பயம்ங்க. நீங்க ஒவ்வொரு நாளும் வாசல்ல செருப்பை விடுறப்ப, 'திறந்துருச்சு'ன்னு சொல்லிருவீங்களோன்னு முருகனை வேண்டிக்குவேன்."

"பயமா? எதுக்கு?"

"இனிமே யாரும் போய்த் திருத்த முடியாதுல்ல? சத்தியமா?"

"முடியாதுன்னுதானே சொல்றேன்."

"அப்போ சொல்லிடலாம்."

திரியை இறக்கிவிட்டு அவன் எதிரில் வந்து நின்றாள். பெண் பார்க்க வந்த அன்று நின்ற மாதிரியே தலை குனிந்திருந்தது.

"அன்னிக்கு எங்க வீட்டுக்கு ஒரு மாப்பிள்ளை வீட்டார் வர்றதா இருந்தாங்க. நீங்கதான்னு நெனச்சு உக்கார வச்சுட்டோம். காபி கொடுக்கிறப்பதான் உங்க மாமா கையிலிருந்த விலாசச் சீட்டை எங்கப்பா பார்த்தார். பதினாறாம் நம்பர் சரிதான். ஆனா, வடக்கு உஸ்மான் ரோடு. எங்க வீடு இருந்தது தெற்கு உஸ்மான் ரோட்டுல. 'வீடு மாறி வந்துட்டீங்க'ன்னு சொல்ல அப்பா வாயைத் திறந்தார். கதவிடுக்குல உங்களைப் பார்த்துக்கிட்டிருந்த நான்தான், 'வேண்டாம்ப்பா'ன்னு கையெடுத்துக் கும்பிட்டேன்."