தண்ணீர் திரும்பிய பக்கம்

என் அக்கா ரிப்கா ராத்தா பல்கலைக்கழக ஆய்வுக்காக, தண்ணீர் எப்படி அசைகிறது என்று மடிக்கணினியில் கணித்துக்கொண்டிருந்தா. திரையில் ஐந்நூறு மூலக்கூறுகள். ஒவ்வொன்றும் இரண்டு வெள்ளைக் காது வைத்த சிவப்பு உருண்டை. தூரத்தில் இருப்பவற்றின் இழுவையைக் கணக்கில் சேர்க்காமல் விட்டால் அவை பிழையாக ஒரே பக்கம் திரும்பிவிடுமாம். ராத்தா அதையும் சேர்த்துத்தான் கணித்தா. ஆனாலும் எல்லாம் எங்கள் ஊர் வாவிப் பக்கம் திரும்பி நின்றன. மடிக்கணினியைத் திருப்பி வைத்தா. அவையும் சுற்றி மறுபடி வாவியைப் பார்த்தன.

"எங்கயோ பிழை விட்டுட்டன்" என்றா ராத்தா.

"ரெண்டு நாளா இதத்தான் சொல்றாய்" என்றா உம்மா.

எங்கள் அண்ணன் இர்ஷாத் நானா இறால் பிடிக்கப் போய் வாவியில் காணாமல் போய் இரண்டு வருடம். மையித்து கிடைக்கவில்லை. உடல் இல்லாமலே இறந்தவருக்கான ஜனாஸாத் தொழுகை வைக்கலாம் என்று பள்ளிவாசலில் சொன்னார்கள். "புள்ள வருவான்" என்று உம்மா மறுத்துவிட்டா.

அன்று அசர் தொழுகைக்குப் பிறகு உம்மா மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு தோணித்துறைக்கு நடந்தா. ராத்தாவும் நானும் பின்னால் போனோம். போகப் போக மூலக்கூறுகள் மெல்லத் திரும்பின. துறையின் கடைசிப் பலகையில் எல்லாம் நேரே கீழே பார்த்தன.

உம்மா வெகுநேரம் குனிந்து நின்றா.

"பள்ளிக்குச் சொல்லுங்கடி" என்றா. "தொழுவிக்கட்டும்."